அறுபதிலிருந்து நூறு

கோயமுத்தூரில் கார்ப் பைத்தியம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, எடை குறைந்த உடலில் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால், ஆயில் மாற்ற வரும் பையன்கள்கூட டீ வருவதற்குள் பிக்கப் சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"நம்ம வண்டி நூறைத் தொட எட்டரை செகண்டுதானுங்ணா."

"கம்பெனிக்காரனே ஒன்பதுக்கு மேலன்னு சொல்றான், உனக்கு மட்டும் எப்படிடா எட்டரை?"

உடனே செல்போன் வெளியே வரும். ஸ்பீடோமீட்டரைப் படம்பிடித்த வீடியோ. முள் நூறைத் தொடுகிறது, ஓரத்தில் கடிகாரம் எட்டரை காட்டுகிறது. பையன் பொய் சொல்லவில்லை. முள்தான் கூட்டிக் காட்டுகிறது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சர்வதேச விதி. கூட்டிக் காட்டலாம், அதற்கு உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை அனுமதி உண்டு. அதனால் கம்பெனிகள் பாதுகாப்பாகக் கொஞ்சம் ஏற்றியே வைக்கின்றன. முள் நூறில் நிற்கும்போது கார் பெரும்பாலும் தொண்ணூற்றைந்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. இந்த ரகக் கார்களுக்கு அந்தக் கடைசி 5 கி.மீ.க்கு மட்டும் அரை விநாடிக்கு மேல் பிடிக்கும். சண்டையே அந்த அரை விநாடிக்காகத்தான். செயற்கைக்கோளை வைத்து வேகம் கணிக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அதில் அளந்த எண்ணை மட்டுமே நான் பேச்சுக்கு எடுத்துக்கொள்வேன்.

அமெரிக்க எண்களைக் கொண்டுவந்து ஒப்பிடுவது இன்னொரு குழப்பம். அங்கே பூஜ்யத்திலிருந்து 60 மைல் வரைதான் அளக்கிறார்கள். அது 96.6 கி.மீ. போதாததற்கு, அவர்களுடைய நேர்கோட்டுப் பந்தயத் தடங்களில் கார் முதல் ஓர் அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒளிக்கதிரைச் சக்கரம் தாண்டும் வரை நேரம் கணக்கில் வராது. அந்நாட்டுப் பத்திரிகைகளும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. ஓர் அடிதானே என்று நினைக்க வேண்டாம், நின்ற இடத்திலிருந்து அந்த அடியைக் கடக்கக் கால் விநாடி ஆகும். 2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்குச் சொன்ன 1.99 விநாடி இந்த ஓரடிக் கழிவோடு சொன்னதுதான். மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதைச் சோதித்தபோது, பசை பூசிய பந்தயத் தரையில் 1.98 வந்தது. சாதாரணத் தாரில் அதே கார் 2.07.

தரை இவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் தரையைத் தள்ளுவது டயர். புவியீர்ப்பு அளவுக்குச் சமமான முடுக்கத்தில் இடைவிடாமல் போனாலும் நூறைத் தொட 2.8 விநாடி ஆகும். நல்ல சாலை டயரின் பிடியே ஏறத்தாழ அவ்வளவுதான். அதுவும் நான்கு சக்கரமும் இழுத்தால்தான். நம் ஊரில் ஓடும் சின்ன ஸ்போர்ட்டி கார்களில் அநேகமாக எல்லாமே முன்சக்கர இழுவை. வேகமெடுக்கும்போது பாரம் பின்னால் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிச் சுழலும். இதனால்தான் எஞ்சினை டியூன் செய்து முப்பது குதிரைத்திறன் ஏற்றிய பின்பும் நின்று கிளம்பும் நேரம் பெரிதாகக் குறைவதில்லை. அதே வண்டி ஓட்டத்தில் ஆளே மாறிப் போயிருக்கும்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. நின்று கிளம்பி நூறைத் தொடுவது அன்றாடம் யாரும் செய்யாத வேலை. கம்பெனி சொல்லும் எண் வருவதற்கு லாஞ்ச் கன்ட்ரோல் இருக்கும் காரில் அதைப் போட்டு, ஒரு காலால் பிரேக்கையும் மறுகாலால் ஆக்சிலரேட்டரையும் மிதித்து, டர்போவை முன்கூட்டியே சுழலவிட்டு, பிறகு பிரேக்கை விடுவார்கள். சாலையில் அந்தக் கார் ஆறாவது கியரில் 1,500 சுற்றில் சோம்பிப் போய்க்கொண்டிருக்கும். மிதித்தால் கியர்பாக்ஸ் மூன்று படி இறங்க வேண்டும், டர்போ விழிக்க வேண்டும். கார் அண்ட் டிரைவர் பத்திரிகை மணிக்கு 5 மைலில் உருண்டுகொண்டிருக்கும் காரை 60 வரை விரட்டி அளக்கும் எண்ணையும் தனியாகத் தருகிறது. சின்ன எஞ்சின், பெரிய டர்போ உள்ள கார்களின் குட்டு அதில்தான் வெளிப்படும்.

இந்தத் தாமதத்தின் விலையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பல்லடம் தாண்டிக் காங்கேயம் போகும் வழியில், இருவழிச் சாலையில், ஒரு பஸ்ஸின் பின்னால் அறுபதில் போகிறீர்கள். பஸ்ஸின் நீளம், உங்கள் காரின் நீளம், முன்பின் இடைவெளி எல்லாம் சேர்த்தால், பஸ்ஸைவிட 50 மீட்டர் அதிகம் ஓடினால்தான் மீண்டும் இடப்பக்கம் வர முடியும். எதிரே எண்பதில் ஒரு லாரி. அறுபதிலிருந்து நூறுக்கு 5 விநாடியில் போகும் கார் 7 விநாடியில் பஸ்ஸைத் தாண்டிவிடும். அதற்கு 320 மீட்டர் காலிச் சாலை வேண்டும். 8 விநாடி எடுக்கும் கார் எட்டரை விநாடியில் தாண்டும். 380 மீட்டர் வேண்டும். இப்போது முதல் கார் மிதித்ததும் பாயாமல் ஒரே ஒரு விநாடி யோசிக்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு விநாடியில் நீங்களும் லாரியும் சேர்ந்து 39 மீட்டரைத் தின்றிருப்பீர்கள். மூன்று விநாடி வேகமான எஞ்சின் சம்பாதித்துக் கொடுத்த 60 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இது எந்த விளம்பரத்திலும் வராது. ஆனால் உயிர் இதில்தான் இருக்கிறது.

மலை ஏறினால் கணக்கு இன்னும் மாறும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழப் பத்து சதவீத சக்தியை இழக்கும். காற்று மெலிவதுதான் காரணம். ஊட்டி 2,240 மீட்டர். "ஊட்டி போனா மட்டும் வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க" என்று வருகிறவர்களிடம், எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை, ஐந்தில் ஒரு பங்கை மலையே எடுத்துக்கொண்டது என்று சொல்லி அனுப்புவேன். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அதற்கு எமன் சித்திரை வெயில். உள்ளே போகும் காற்று கொதித்தால், எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். ஒரே காரைக் காலை ஆறு மணிக்கு அளந்தவனும் மதியம் இரண்டு மணிக்கு அளந்தவனும் சண்டை போட்டால் இருவரும் ஜெயிக்கலாம்.

கார் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்டால், நம் நாட்டுப் பத்திரிகைச் சோதனைகளில் வரும் 20–80, 40–100 எண்களை முதலில் பாருங்கள் என்பேன். டெஸ்ட் டிரைவில் காலிச் சாலை கிடைத்தால் ஐம்பதில் சீராகப் போய், காலை அழுத்தி, முதுகு சீட்டில் பதியும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். மின்சாரக் காரில் இந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: பல மாடல்களில் பேட்டரி இறங்க இறங்க சக்தியும் இறங்கும். ஷோரூமில் முழுக்க ஏற்றி வைத்த வண்டியைத்தான் தருவார்கள். இருபது சதவீத சார்ஜில் ஒரு வண்டியைக் கேட்டு ஓட்டிப் பாருங்கள்.