மண்டபத்துக்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள்

பதினோராம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் அடி. அடுத்து, தெரிந்த மெடிக்கலில் மாத்திரை. அதுவும் சரிப்படவில்லை என்றால் நாலு பெரியவர்கள் கூடிப் பேசி, ஏதாவது கோயிலில் வைத்துத் தாலி. மருத்துவமனை கடைசியில்தான், உதிரம் நிற்காமல் போன பிறகுதான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகியோ கருவுற்றோ இருந்தார்கள். பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் தாண்டிப்போகிறார். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே முறைக்கிறார்கள். பிறகு பிள்ளை யாரிடம்தான் கேட்கும்? தவறோ வன்முறையோ நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை கொடுத்து கருவையே தடுக்க வழியுண்டு என்பது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

கருக்கலைப்பு மாத்திரை வேறு. அதை ஸ்கேன் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. கரு சினைக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிரே போகும். ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் பார்வையில் மட்டும்தான் அந்த மாத்திரை.

வாரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். உறவு நடந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். வீட்டில் ‘நாலு மாசம்தான்’ என்பார்கள், ஸ்கேனில் இருபது வாரத்தை நெருங்கியிருக்கும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு, ஆனால் இரண்டு மருத்துவர்கள் சம்மதிக்க வேண்டும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானச் சான்று தேவையில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ நேராகப் போங்கள். வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தால், பெண்ணை வளர்க்கும் பாட்டியே கையெழுத்திடலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பலர் ஒளிகிறார்கள். இருவரும் விரும்பிப் பழகியதாக இருந்தால், பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். ‘எஃப்ஐஆர் கொண்டு வா, அப்புறம் பார்க்கிறோம்’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவசரச் சிகிச்சைக்கு எந்தக் காகிதத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று 2020 போக்சோ விதிகளே சொல்கின்றன. அதைச் சொல்லி, அங்கேயே நில்லுங்கள்.

தாலி கட்டிவிட்டால் வழக்கு போய்விடும் என்பது சுத்தப் பொய். மனைவியே ஆனாலும் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் உறவு கொள்வது வன்புணர்வுதான் என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் நடத்தி வைத்தவருக்கும் துணை போன பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. துணை போன பெண்களுக்குச் சிறை மட்டும் கிடையாது. மீண்டும் சொல்கிறேன், தாலி இதற்குப் பரிகாரம் இல்லை, இன்னொரு குற்றம்.

திருமணம் நிச்சயமாகியிருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் புகார் கொடுங்கள். குற்றவியல் நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். ஆணையை மீறி நடந்த திருமணம் செல்லாது. ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால், அந்தப் பெண் இருபது வயது நிரம்புவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

பக்கத்து வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.