உறைபனியும் தோட்டப் பயிர்களும்

நீலகிரி மலைமேல் பயிரிடும் குடியானவர்களுக்குக் கார்த்திகை பிறந்தது முதல் மாசி வரையில் உறைபனியைப் பற்றிய கவலை நீங்குவதில்லை. சுமார் 7,350 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும், மாலையில் பசுமையாக நின்ற உருளைக்கிழங்குச் செடி மறுநாள் வெந்த கீரைபோற் கறுத்துத் துவளக் காண்கிறோம். ஆகஸ்டு, செப்டம்பரில் நட்ட கடைப்போகம் கிழங்கு பருக்குமுன் அழிவதும், ஜனவரி, பிப்ரவரியில் நட்ட நீர்ப்போகம் முளைத்தவுடன் கருகுவதும் இதனாலேயாம். இந்நஷ்டம் முழுவதையும் தவிர்த்தல் இயலாது. எனினும் பனியின் இயல்பையறிந்து முந்தின மாலையிலேயே வேலை செய்வோர் அதனை வெகுவாய்க் குறைக்கலாம்.

பனி உண்டாகும் விதம்

உறைபனி வானத்தினின்று விழுவதன்று. பகலில் நிலம் ஏற்ற உஷ்ணம் இரவில் வெளியேறுகிறது. மேகமிருப்பின் அதில் ஒரு பங்கு திரும்பிவரும். காற்று வீசினால் மேலுள்ள சூடான காற்று கீழே கலக்கும். வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஈரமற்ற இரவாயின் தடையேதுமில்லை. குளிர்ந்த காற்று கனமுடையதாதலால் நீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே வளமிக்க பள்ளத்து வயலே பனிக்கு முதலில் இரையாகிறது. அவ்விடத்தில் பனிக்காலத்திற்கு முட்டைக்கோசு போன்று குளிர் தாங்கும் பயிரையும், மேட்டுச் சரிவில் மென்மையான பயிரையும் இடுதல் நலம். சரிவின் அடிப்புறத்தில் அடர்ந்த வேலியிருப்பின் குளிர்காற்று அணையிலுள்ள நீர்போல் தேங்குமாதலால், அதில் இடைவெளி விடுதல் வேண்டும்.

முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

1. ஈரமண் பகலில் மிகுந்த உஷ்ணத்தைச் சேமித்து இரவில் செடிக்கு அளிக்கும். எனவே வறண்ட நிலத்திற்கு முன்னதாகவே நீர் பாய்ச்சுக.

2. பனி வரும் நாட்களில் மண்ணைக் கொத்திவிடுதலும், செடிகளினிடையே வைக்கோல் பரப்புதலும் கூடாது. இவை நிலத்தின் உஷ்ணம் மேலே வராமல் தடுப்பதால் இலைகள் அதிகமாய்க் கருகும்.

3. இளஞ்செடிகளைச் சூரியன் மறையுமுன் மூடுக. உலர்ந்த பெரணித்தழை, மிலாறு, கோணிச்சாக்கு எதுவும் உதவும். மூடுவது இலைமேல் படியாமல் குச்சிகளின்மேல் நிற்கவேண்டும். சாக்கைக் காலையில் நீக்கி, நிலம் வெயில் ஏற்க விடுக.

4. புகை மூட்டுவதனால் அதிகப் பயனில்லை. நிலத்தினின்று வெளியேறும் உஷ்ணத்தைப் புகை மிகச் சிறிதளவே தடுக்கும்.

5. தேயிலைத் தோட்டங்களில் நிழல்மரங்களைப் பனிக்காலத்திற்குமுன் கடுமையாகக் கழிக்கலாகாது. அவற்றின் கிளைகளே செடிக்குக் கூரையாம்.

நீர் தெளித்தல்

1848-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற உதகமண்டலம் தாவரத் தோட்டத்தில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளை மிலாறுகளால் மூடுவதும், புல்தரையில் காலையில் நீர் தெளிப்பதும் வழக்கம். பயிரின்மேல் இரவில் நீர் தெளித்தும் காப்பாற்றலாம். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி உஷ்ணத்தை வெளியிடும். ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 600 கலோரியைக் கவர்ந்துகொள்ளும். ஆகையால் உறையுமுன்பே தெளிக்கத் தொடங்கி, வெயிலேறிப் பனிக்கட்டி உருகும்வரை இடைவிடாது தெளித்தல் அவசியம். நடுவில் நிறுத்தினால், தெளிக்காமலிருப்பதைவிட அதிகக் கேடு நேரிடும். போதிய நீரில்லாதவர் இம்முறையைத் தொடாதிருப்பதே நன்று.

பனி தாக்கிய பின்

கருகிய செடியை உடனே வெட்டுதல் தவறு. உயிருள்ள பாகம் எதுவென்பது சில நாட்கள் கழித்தே விளங்கும். கருகிய இலைகளும் கீழுள்ள தளிருக்குச் சிறிது மறைவாகும். தேயிலையைக் குளிர் நீங்கிய பின்னரே கவாத்துச் செய்க. உருளைக்கிழங்கில் மண்ணுக்குள்ளிருக்கும் தண்டு பிழைத்திருப்பின் மறுபடி துளிர்க்கலாம்; அவசரப்பட்டு உழுதுவிடலாகாது.

கிராம அதிகாரிகள் சேதத்தை முதல்நாள் மட்டும் பார்த்துக் குறிக்காமல், சில நாட்களுக்குப்பின் மீண்டும் பார்வையிடுதல் தகும். பனி முதலில் படியும் வயல்களையும் தேதிகளையும் ஆண்டுதோறும் எழுதிவைத்தால், எந்நிலத்தில் எப்பயிர் இடலாமென்பதற்கு அக்குறிப்பே சிறந்த வழிகாட்டியாகும். பிற்பகலில் வானம் தெளிந்து, பொழுது சாயக் காற்று ஓய்ந்தால் அன்றிரவு பனியை எதிர்பார்க்கலாம். அம்மாலை ஒருமணி நேர உழைப்பு ஒரு போகத்தின் பலனைக் காக்கும்.