நிபுணருக்குத் தெரிந்தது பாடநூலுக்கு ஏன் வருவதில்லை?

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர், பரிசோதனை முடிவு வருமுன்பே ஒரு குழந்தைக்கு நோய்த்தொற்று என்று கண்டுகொள்வதுண்டு. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "உள்ளுணர்வு" என்பார்.

ஏன் விளக்க முடிவதில்லை? ஒரு திறமை பழகப் பழகத் தானாக இயங்கத் தொடங்குகிறது. இடையிலுள்ள படிகள் கவனத்துக்கே வருவதில்லை. தம் வேலையை விவரிக்கும் நிபுணர்கள் தேவையான தகவலில் 70 விழுக்காடு வரை விட்டுவிடக்கூடும் என்கிறார் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் கிளார்க். அந்த இடைவெளியில் தடுமாறுபவர் புதிதாகக் கற்பவர்தான்.

எப்படி வெளிக்கொணர்வது? "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்ற பொதுக்கேள்வி போதாது. உண்மையில் நடந்த ஒரு நிகழ்வைக் கட்டம் கட்டமாகச் சொல்லவைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்க வேண்டும்: எதைக் கவனித்தீர்கள்? வேறென்ன செய்திருக்கலாம்? புதியவர் எதைத் தவறவிடுவார்?

அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பெத் கிராண்டாலும் கேரன் கெட்செல்-ரைட்டரும் பச்சிளங்குழந்தைகள் பிரிவுச் செவிலியர்களிடம் இப்படித்தான் கேட்டார்கள். 1993-இல் வெளியான அவர்களது ஆய்வில், அன்றைய மருத்துவ நூல்களில் இல்லாத அறிகுறிகளும் கிடைத்தன. பல நிபுணர்களின் விடைகளை ஒப்பிட்டால், ஒருவர் விட்டதை இன்னொருவர் நிரப்புவார்.

பாடம் எழுதுவோர் பேனாவை எடுக்குமுன் இப்படிக் கேட்டே ஆக வேண்டும்.