செயலிழந்த கை மீண்டும் இயங்குமா?

கழுத்தில் அடிபட்டு முள்ளந்தண்டு வடம் சிதைந்தவருக்குக் கையும் காலும் செயலிழக்கின்றன. அவர் முதலில் விரும்புவது எதனை? நடப்பதையே என்று நாம் நினைப்போம். ஆனால், 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிம் ஆண்டர்சன் வெளியிட்ட ஆய்வில், இத்தகையோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் கையின் ஆற்றலையே முதலாவதாகக் குறித்தனர். கை இயங்கினால் பிறர் ஊட்டாமல் உண்ணலாம் அன்றோ?

கழுத்திலிருந்து 8 இணை நரம்புகள் புறப்படுகின்றன. 5ஆவது முழங்கையை மடக்கவும், 6ஆவது மணிக்கட்டை நிமிர்த்தவும், 7ஆவது முழங்கையை நீட்டவும், 8ஆவது விரல்களை மடக்கவும் முதன்மையாக உதவுகின்றன. எனவே, காயம் ஒரு படி கீழே அமைந்தாலும் வாழ்வில் பெரும் வேற்றுமை உண்டாகும். 6ஆவது நரம்பு தப்பியவர் மணிக்கட்டை நிமிர்த்தினால், தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே மடங்கும். இப்பிடியைக் கொண்டு சிறு பொருள்களை எடுக்கப் பழகலாம். ஆகையால், பராமரிப்போர் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நீட்டி இழுத்தல் ஆகாது. நாண்கள் தளர்ந்தால் பிடி போய்விடும்.

கைகால்களில் அறுந்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரக்கூடும். தண்டுவடத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்கே வளர்ச்சிக்கு வழியில்லை என ஸ்பானிய அறிஞர் கஹால் எழுதினார். 1981இல் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ இருவரும் எலிகளின் தண்டுவடத்துக்குப் புறநரம்புத் துண்டால் பாலம் அமைத்தனர். இழைகள் அதனுள் வளர்ந்தன. குறை விதையில் அன்று, நிலத்திலேயே என்பது புலப்பட்டது.

எனினும், இழை வளர்ந்தால் மட்டும் போதாது. உரிய தசையைச் சேர்ந்து பணி பழக வேண்டும். இதனாலேயே மீள்வளர்ப்பு மருத்துவத்தையும் பயிற்சியையும் இணைக்க முயல்கின்றனர். தப்பிய இழைகளை எழுப்பும் முறையும் உண்டு. 2024இல் வெளியான ஒரு சோதனையில், 60 பேர் இரண்டு மாதம் பயிற்சி மட்டும் செய்தனர். அடுத்த இரண்டு மாதம் கழுத்துத் தோலின் வழியே மின் தூண்டுதலும் பெற்றனர். 72 விழுக்காட்டினர் வலிமையிலும் செயலிலும் முன்னேறினர். காயம்பட்டு 34 ஆண்டுகள் கடந்தவரும் பயனடைந்தார். ஒப்பிடத் தனிக்குழு இல்லாமை இச்சோதனையின் குறையாகும்.

உயிரணுக்களைச் செலுத்திக் கையை மீட்கும் சிகிச்சை இன்னும் உறுதிப்படவில்லை. அதனை விற்போரிடம் பொருளை இழக்க வேண்டா. மூட்டுகள் இறுகாமல் காத்து, இருக்கும் அசைவை நாள்தோறும் பழக்குவோம். நாளை வரும் மருந்துக்கும் அந்தக் கையே வேண்டும்.