பாரந்தூக்கியின் கையும் சுழற்சியும்

கிணற்றடித் துலாவைக் கண்டோர் பாரந்தூக்கியின் தத்துவத்தையும் ஓரளவு கண்டோரேயாவர். ஆடுகாலின்மேல் அமைந்த நெடுமரத்தின் ஒருபுறத்தில் நீர் நிறைந்த பட்டை தொங்கும். மறுபுறத்தில் அதற்கு ஈடாக எதிர்ப்பாரம் நிற்கும். இவ்வெளிய அமைப்பை இரும்பாற் பெரிதாக்கி, சில்லுகளின்மேல் ஏற்றி, நாற்றிசையுஞ் சுழலச் செய்ததே மொபைல் கிரேன் என வழங்கும் இயங்கு பாரந்தூக்கி. துலா பிழைத்தால் நீர் சிந்தும். பாரந்தூக்கி பிழைத்தாலோ மனித உயிர் போகும்.

அம்பாறைக் கரையோரத்தில் இத்தகைய இயந்திரங்களின் தேவை 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின் பின் நன்கு உணரப்பட்டது. பொத்துவிலையும் அறுகம்பேயையும் இணைத்த பாலம் அப்பேரலையாற் சேதமுற்றது. அமெரிக்க உதவியுடன் அமைந்த புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. இத்தகைய வாவி முகத்திற் பாரந்தூக்குவோர் மூன்று இடர்களை எண்ணுதல் வேண்டும். காலின்கீழ் இளகும் மணல் ஒன்று. தடையின்றி வீசும் கடற்காற்று மற்றொன்று. தூக்கும் உத்திரங்களின் நீளமும் நிறையும் மூன்றாவது.

பாரந்தூக்கியின் நெடுங்கையைப் பூம் என்பர். அதனைத் தாழ்த்தினால் இயந்திரம் இலகுவாக நிற்கும் என எண்ணுதல் தவறு. 20 மீற்றர் நீளமுள்ள கை கிடையுடன் 60 பாகையில் நிற்கும்போது, கையின் அடியிலிருந்து பாரம் 10 மீற்றர் தூரத்தில் தொங்கும். அதே கையை 30 பாகைக்குத் தாழ்த்தினால் அத்தூரம் 17 மீற்றருக்கு மேலாகும். பாரம் 3 தொன் எனின், கவிழ்க்கும் திருப்புதிறன் 30 தொன்-மீற்றரிலிருந்து ஏறத்தாழ 52 ஆகப் பெருகும். பாரம் ஓர் இறாத்தலும் கூடவில்லை, ஆரையே கூடிற்று. ஆதலின், எவ்வளவு நிறை என்று மட்டும் வினாவுதல் போதாது. எவ்வளவு தூரத்தில் என்றும் வினாவி, இயந்திரத்துடன் தரப்பட்ட பார அட்டவணையைப் பார்த்த பின்னரே பிடியைத் தொடுதல் வேண்டும். கொளுக்கி, கப்பி, கட்டுவடம் ஆகியவற்றின் நிறையும் அக்கணக்கிற் சேரும். பாரம் தரையை விட்டு எழும்போது கை சற்று வளைந்து ஆரை மேலும் கூடும் என்பதும் நினைக்கத்தக்கது.

கையை நீட்டும்போது வேறோர் இடர் உண்டு. வடம் நெகிழாது கை மட்டும் நீளின், கொளுக்கிக் கப்பி கையின் நுனியை நோக்கி ஏறி அதனுடன் மோதும். வடம் அறுந்து பாரம் விழும். கை நீள நீள வடத்தையும் உடன் நெகிழ்த்துதலே முறை.

இனிச் சுழற்சியைக் காண்போம். தொங்கும் பாரம் கையுடன் விறைப்பாகப் பிணைக்கப்பட்டதன்று. அஃது ஊசற்குண்டு போன்றது. விரைந்து சுழற்றத் தொடங்கினால் சடத்துவத்தாற் பாரம் பின்தங்கும். விரைவு மிகின் வெளிநோக்கி விலகி ஆரையைக் கூட்டும். திடீரென நிறுத்தினால் முன்னோடிக் கையைப் பக்கவாட்டில் இழுக்கும். நெடுங்கை நேரிழுவைத் தாங்குதற்கு அமைந்ததேயன்றிப் பக்க இழுவைக்கு அன்று. எனவே தொடக்கமும் நிறுத்தமும் மெதுவாக அமைதல் வேண்டும். வழிகாட்டுக் கயிறு கட்டிப் பாரத்தின் ஆட்டத்தை அடக்குதல் வேண்டும். முன்னே கை சுழல்கையிற் பின்னே எதிர்ப்பாரமும் சுழலும். அவ்வட்டத்துள் ஆள் நுழையாவண்ணம் வேலியிடாமையால் நசுங்கி இறந்தோர் உலகெங்கும் உளர்.

கை எத்திசை நோக்குகிறதோ அத்திசைத் தாங்குகாலே பெரும்பாரத்தை ஏற்கும். பின்புறத்தில் உறுதியாக நின்ற இயந்திரம் பக்கவாட்டிற் சுழன்றதும் மணலிற் புதைந்து சாய்தல் இதனாலேயே. நான்கு கால்களையும் முழுதும் நீட்டி, அகன்ற பலகைகளின்மேல் ஊன்றி, மட்டம் பார்த்த பின்னரே தூக்குதல் தகும்.

காற்றின் விரைவு இருமடங்காயின் அதன் அழுத்தம் நான்மடங்காகும். 2015 செப்தெம்பர் 11ஆம் நாள் மக்கமா நகரின் புனிதப் பள்ளிவாசலில் பெரும் பாரந்தூக்கியொன்று புயற்காற்றிற் சாய்ந்து, 100க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயன்படாத வேளையிற் கையைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும் என்னும் தயாரிப்பாளரின் கட்டளை பேணப்படவில்லை என விசாரணையிற் கூறப்பட்டது. பாரம் ஏதும் தூக்காத இயந்திரமே இத்துணை அழிவை விளைத்தது என்பது சிந்திக்கற்பாலது.

இயக்குவோன் பாரத்தை எப்போதும் காணவியலாது. ஆதலாற் சைகை காட்டுவோன் அவனுக்குக் கண்ணாவான். நீட்டிய கையிற் பெருவிரல் மேனோக்கின் பூமை உயர்த்துக என்பதும், கீழ்நோக்கின் தாழ்த்துக என்பதும், சுட்டுவிரல் திசை காட்டின் சுழற்றுக என்பதும் பொருள். இவற்றை ஒருவனே காட்டுதல் வேண்டும். நிறுத்துக என்னும் சைகையை மட்டும் யாவரும் காட்டலாம். யார் காட்டினும் இயக்குவோன் கீழ்ப்படிதல் கடன். தொழிற்களத்தில் மிக எளிய கூலியாளின் கைக்கும் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் உண்டு என்னும் இவ்விதியில், பொறியியல் அறிவும் மனித அறமும் ஒருங்கே நிற்றல் காணலாம்.