வேகம் வேறு, சுமை வேறு
சிறு டிரக் வாங்குமுன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனப் பகுதியான ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரங்களில் வாழையும் வெற்றிலையும், சாத்தான்குளம், உடன்குடி தேரி நிலங்களில் முருங்கையும், விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் மிளகாயும் உளுந்தும் விளைகின்றன. இவற்றைத் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு சேர்க்க ஒரு காலத்தில் மாட்டு வண்டிதான் துணை. இன்று அந்த இடத்தைச் சிறு டிரக் பிடித்துக்கொண்டது. ஆனால் எந்த டிரக் தம் விளைச்சலுக்கு ஏற்றது என்பதை ஆராயாமல், தோற்றத்தையும் வேகத்தையும் கண்டு கடன் வாங்குவோரும் உண்டு.

அமெரிக்காவின் அதிவேக டிரக்

அமெரிக்காவில் ஜி.எம்.சி. நிறுவனம் 1991-ஆம் ஆண்டு 'சைக்ளோன்' என்ற சிறு டிரக்கைத் தயாரித்தது. பந்தயக் காருக்குரிய வேகமும் அழகும் தொழிற்சாலையிலேயே சேர்த்து அமைக்கப்பட்ட வண்டி இது. இதன் 4.3 லிட்டர் எஞ்சின், டர்போ அமைப்பின் உதவியால் 280 குதிரைத் திறன் தந்தது. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு ஐந்து நொடிக்குள் மணிக்கு 97 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். அமெரிக்க மோட்டார் பத்திரிகை ஒன்று நடத்திய கால் மைல் ஓட்டத்தில் இத்தாலியின் பெராரி காரையே இது முந்தியது. ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகளே தயாராயின.

இத்தனை பலம் வாய்ந்த டிரக் ஏற்றக்கூடிய சுமை எவ்வளவு? 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ மட்டுமே. 75 கிலோ நெல் மூட்டை என்றால் மூன்றுதான் ஏற்றலாம். ஒரு வாழைத்தார் 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் பதினைந்து தாருடன் வண்டி நிறைந்துவிடும்.

நம் ஊர்க் 'குட்டி யானை'

டாடா மோட்டார்ஸ் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு மே மாதம் 'ஏஸ்' என்ற சிறு டிரக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டு மக்கள் இதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தனர். அப்போது வந்த வண்டியில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். திறன் 16 குதிரை மட்டுமே. ஆயினும் ஏற்றும் சுமை 750 கிலோ. அதே கணக்கில் பத்து நெல் மூட்டை அல்லது ஐம்பது வாழைத்தார்.

இதற்குக் காரணம் எளிது. எஞ்சினின் திறன் வேகத்தைத் தரும். சுமையைத் தாங்குவதோ அச்சு, ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக், அடிச்சட்டம் ஆகியவை. வளைவில் வேகமாகத் திரும்புவதற்காகத் தரையோடு தாழ்த்தி அமைத்த வண்டி பாரத்தைத் தாங்காது. தேரி மணலிலும் வரப்போரப் பாதையிலும் அடி தட்டும்.

நம் நாட்டிலும் தோற்றத்துக்கும் பயணத்துக்கும் முதலிடம் தரும் பிக்-அப் வண்டிகள் வந்துவிட்டன. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016 முதல் விற்பனையாகும் இசுசு வி-கிராஸ் இதற்கு எடுத்துக்காட்டு. ஐந்து பேர் அமரும் அறை இருப்பதால் பின்தொட்டியின் நீளம் குறைவு. குடும்பப் பயணத்துக்கு அது நல்ல வண்டி. சொந்த உபயோகத்துக்கென்று பதிவாகும் இத்தகைய வண்டியை வாடகைச் சுமைக்கு ஓட்ட இயலாது என்பதை வாங்குமுன் அறிந்திருப்பது நலம்.

பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள்

வண்டியின் பதிவுச் சான்றில் வெற்று எடை, மொத்த எடை என இரு எண்கள் இருக்கும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றத்தக்க சுமை. ஓட்டுநர், உடன் செல்பவர் ஆகியோரின் எடையும் இதில் அடங்கும். சந்தேகம் இருந்தால் எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடலாம்.

அதிகப் பாரம் ஏற்றினால் பிரேக் உடனே பிடிக்காது, டயர் வெடிக்கும், அச்சு முறியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி இதற்கு ரூ.20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 சேரும். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது.

ஆட்களை ஏற்ற வேண்டாம்

களையெடுப்புக்கும் அறுவடைக்கும் செல்லும் பெண்களைச் சரக்கு வண்டியில் நிற்க வைத்து ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. 2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே இவ்வாறு சென்ற வண்டி கவிழ்ந்து, விவசாய வேலைக்குப் புறப்பட்ட ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். மூட்டை அசையாமல் இருக்கும், நிற்கும் ஆட்களோ திருப்பத்தில் ஒருபுறம் சாய்வார்கள், வண்டியும் சாயும். காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் கேள்விக்குறியாகிவிடும். வேலையாட்களுக்கு வேன் வைப்பது செலவானாலும் அதுவே முறை.

சொந்தமா, வாடகையா?

ஓரிரு ஏக்கர் வைத்திருப்போர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கடன் தவணை, காப்பீடு, வரி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் ரூ.15,000 ஆவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 10 நடை ஓடினால் ஒரு நடைக்கு ரூ.1,500. அதுவே 25 நடை ஓடினால் ரூ.600. டீசலும் ஓட்டுநர் கூலியும் தனி. இவற்றைக் கூட்டி வரும் தொகை ஊரில் வாங்கும் வாடகையைவிட அதிகமானால் வாடகை வண்டியே லாபம்.

அறுவடை ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. ஆகவே வாழை, முருங்கை, மிளகாய் என வெவ்வேறு பருவத்தில் அறுவடை செய்யும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால் அது சும்மா நிற்காது, தவணையும் தவறாது. யார் பெயரில் பதிவு, பழுதுச் செலவை எப்படிப் பகிர்வது என்பதை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்வது நலம்.

மாடு வாங்கும்போது கொம்பின் அழகை மட்டும் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை; நுகத்தில் பூட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். டிரக்குக்கும் அந்த வழக்கமே பொருந்தும். விளைச்சலை ஏற்றி, தம் தோட்டத்துப் பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கலாம்.