ஒப்பீட்டு வாக்கியங்களில் துணைவினை

இங்கிலீஷ் இலக்கணத்தை முறையாகக் கற்று, கட்டுரைகளைப் பிழையின்றி எழுத வல்ல மாணாக்கரும் ஒரு சிற்றிடத்தில் இடறுவதைக் காண்கிறோம். ‘அவன் என்னைவிட வேகமாக ஓடுகிறான்’ என்பதை, ‘ஹீ ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் ஐ ஆம்’ என்று எழுதிவிடுகின்றனர். ஈற்றில் நிற்கவேண்டியது ‘டூ’ என்னும் துணைவினையாம். பிழை சிறிதே; எனினும் கடிதத்திலும் கணக்கிலும் இத்தகைய பிழை பொருளையே மாற்றிவிடக் கூடுமாதலின், அதனை இங்கே ஆராய்வோம்.

இடறலுக்குக் காரணம் நம் மொழியின் இயல்பே. ஆத்தூருக்கு அண்மையிலுள்ள கொற்கையில் நிலத்தை அகழ்ந்து பழம்பொருள் தேடிய கால்டுவெல் ஐயர், 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளில் ஒப்பீட்டைக் காட்டுதற்குப் பண்புச்சொல் விகுதியேற்று மாறுவதில்லை என விளக்கியுள்ளார். ‘இவ்வெற்றிலை அவ்வெற்றிலையைவிட மெல்லியது’ என்னும்போது ‘மெல்லியது’ என்ற சொல் தன் நிலை திரியவில்லை. ஒப்பிடும் பாரம் முழுவதும் ‘விட’ என்பதன்மேல் நிற்கிறது. விட, பார்க்கிலும், காட்டிலும் என்பன விடு, பார், காட்டு என்னும் வினைகளினின்று பிறந்தவை. இவை இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயரோடு சேர்ந்து நிறைவு பெறுவதால், அப்பெயருக்கென வேறொரு வினையைத் தமிழ் வேண்டுவதில்லை.

இங்கிலீஷின் நெறி வேறு. ‘தேன்’ என்பதன்பின் ‘ஐ’ முதலிய எழுவாய் வருமிடத்து, அங்கே ஒரு முழு வாக்கியமே சுருங்கி மறைந்து நிற்கிறது. அதன் பிரதிநிதியாக எஞ்சுவதே துணைவினை. பேச்சில் ‘தேன் மீ’ என முடிப்பாரும் உளர். ஆங்குத் துணைவினை வருவதில்லை.

துணைவினையைத் தெரிந்தெடுக்கும் முறை எளிது. முன்வாக்கியத்தில் ‘இஸ்’, ‘ஆர்’ போன்ற இருத்தல்வினை முதன்மையாய் நின்றால் பின்னும் அதுவே, பின்வரும் எழுவாய்க்கேற்ற வடிவில் வரும்: ‘ஹீ இஸ் ஓல்டர் தேன் ஐ ஆம்.’ ‘ஹாஸ்’, ‘கேன்’, ‘வில்’ முதலியன துணையாய் நின்றால், அவ்வவற்றின் இனமே வரும்: ‘ஷீ ஹாஸ் ரெட் மோர் தேன் ஐ ஹாவ்.’ துணையின்றி வினை தனித்து நின்றால் மட்டும் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ என்பவற்றுள் ஒன்று அதன் இடத்தைப் பெறும்.

காலத்தையும் கருதவேண்டும், முன்வினையின் காலமே பின்னும் வரவேண்டுமென்பதில்லை. தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைந்ததாகையால், முற்காலத்தில் பெருங்கப்பல்கள் கரைக்கு மைல்கணக்கான தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. புதிய துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று கப்பல்கள் தளத்தையே அணைகின்றன. இதனைச் சொல்லுங்கால், ‘இட் டேக்ஸ் பிக்கர் ஷிப்ஸ் தேன் இட் டிட்’ என்க. ஈற்றில் ‘டஸ்’ என்றால், இன்றைய துறைமுகத்தை இன்றைய துறைமுகத்தோடே ஒப்பிட்டதாய் முடியும்.

இனி, துணைவினையை விட்டுவிட்டால் விளையும் கேட்டைப் பார்ப்போம். துறைமுகத்துக் குமாஸ்தா ஒருவர், ‘வீ பே த போட்மென் மோர் தேன் த மெர்ச்சன்ட்’ என்று எழுதுவதாகக் கொள்வோம். வணிகர் பணம் கொடுப்பவரா, வாங்குபவரா? ஈற்றில் ‘டஸ்’ என்று சேர்த்தால் அவர் கொடுப்பவர். ‘தேன் வீ டூ த மெர்ச்சன்ட்’ என்றால் வாங்குபவர். ஒரு சிறு சொல் பணத்தின் திசையையே மாற்றிவிடுகிறதன்றோ?

இவ்வையம் தமிழிலும் எழும். ‘வணிகரைவிடத் தோணிக்காரருக்கு அதிகம் கொடுக்கிறோம்’ என்பது இருபொருள் படும். அதனை விலக்க நாம் என்ன செய்கிறோம்? ‘வணிகர் கொடுப்பதைவிட’ என்றோ, ‘வணிகருக்குக் கொடுப்பதைவிட’ என்றோ விரித்துரைக்கிறோம். மறைந்திருந்த வினை உடனே வெளிப்படுகிறது. இங்கிலீஷ் துணைவினை செய்யும் தொழிலும் இதுவே.

ஆகவே, மாணாக்கர் கைக்கொள்ளத் தக்க வழி ஒன்றுண்டு. மொழிபெயர்க்குமுன் தமிழ் வாக்கியத்தை மனத்துள் விரித்துப் பார்த்தல் வேண்டும். ‘என்னைவிட ஓடுகிறான்’ என்பது ‘நான் ஓடுவதைவிட’ என விரியுமாயின் ‘டூ’. ‘முன்பு ஏற்றதைவிட’ என விரியுமாயின் ‘டிட்’. ‘நான் படித்திருப்பதைவிட’ எனின் ‘ஹாவ்’. ‘அவன் என்னைவிட மூத்தவன்’ என்பதுபோலப் பெயரே பயனிலையாய், வினை தோன்றாது நின்றால், இங்கிலீஷில் இருத்தல்வினை வரும்; ஆதலின் ஆண்டு ‘ஆம்’ என்க.

பிறமொழி பயில்வார்க்குத் தாய்மொழி இடையூறு என்பாருளர். ‘விட’ என்னும் ஒரு சொல்லை விரித்துணரும் மாணாக்கர்க்கோ, அதுவே பிறமொழிக் கதவைத் திறக்கும் திறவுகோலாம்.